தொட்டியருகே நின்ற பெரியவர்

வாசகப் பெருமக்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஒரு மகளிர் கல்லூரியின் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள் நான். இதுவரை நான் எழுதியவை சுற்றறிக்கைகளும் நன்னடத்தைச் சான்றிதழ்களும் மட்டுமே. அவற்றைப் படித்து எவரும் மகிழ்ந்ததாகத் தகவல் இல்லை. ஆயினும் சென்ற தை மாதம் எங்களுக்கு நேர்ந்ததை உறவினர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிவருகிறார்கள். ஒவ்வொரு திருமண மண்டபத்திலும் அது சற்று வளர்ந்து திரும்புகிறது. அன்னூரில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில் புலி ஒன்றும் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட பிறகே நான் பேனாவை எடுக்கத் துணிந்தேன். பிழைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் மாமனாரின் பெயர் பங்காரு. சிங்காநல்லூரில் நெடுங்காலம் பவுண்டரி நடத்தியவர். எழுபத்தாறு வயதில் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அவரும் பூங்காவில் நடந்து பார்த்தார். அது அவருக்கு ஒத்துவரவில்லை.

"அங்க நடக்கறவனெல்லாம் சுகர் எவ்வளவு, பி.பி. எவ்வளவுன்னே பேசறான் அம்மணி. மார்க் ஷீட் வாங்க வந்த மாதிரி இருக்குது. என்னைய எங்காச்சும் மலைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். என்னை அவர் எப்போதும் 'அம்மணி' என்றுதான் அழைப்பார்.

அவர் மனத்தில் இருந்த மலையை வெள்ளைக்கரடு என்று குறிப்பிடுகிறேன். உண்மைப் பெயரை எழுத வனத்துறையினரிடம் நான் அனுமதி பெறவில்லை. பாலக்காட்டுச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் சுண்ணாம்புக்கல் மலை அது. முன்னொரு காலத்தில் அடிவாரத்தில் கல் வெட்டினார்கள். பின்னர் காட்டையும் அதிலுள்ள குகைகளையும் காக்க வேண்டும் என்று வேலியிட்டு, இப்போது வழிகாட்டியுடன் சிறு குழுக்களை மட்டும் மேலே அனுப்புகிறார்கள். இரும்பை உருக்கும்போது கசடு பிரிவதற்காக உலையில் சுண்ணாம்புக்கல் போடுவது வழக்கம். மாமனார் அந்தக் கல்லை லாரி லாரியாக அந்த அடிவாரத்திலிருந்துதான் வாங்கியிருக்கிறார். "கல்லத்தான் பாத்தேன், மலைய நிமுந்து பாத்ததே இல்ல" என்பது அவருடைய குறை.

புனேயில் பணியாற்றும் என் கணவர் சசிதர், தொலைபேசியில் இதைக் கேட்டதும், "அப்பா சொன்னா கேக்க மாட்டாரு. கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு, போன மாதிரியே திருப்பிக் கூட்டிட்டு வரோணும். ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் வரலட்சுமி பதில் சொல்லோணும்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் என் எண்ணமும் அதுவே. நான் வேலைக்குப் போகக் கூடாது என்று குடும்பத்தில் பலர் முகம் சுளித்த நாளில், "அவ சம்பாரிச்சு உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டு வாயடைத்தவர் என் மாமனார். என் தந்தை மறைந்த பிறகு அந்த இடத்தில் நான் வைத்திருப்பது அவரைத்தான்.

அன்று காலை மலையடிவாரத்தில் எங்களுடன் சேர்ந்த பயணி இன்னொருவர் மட்டுமே. பெயர் தேவானந்தம். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர். வெயில் இல்லாதபோதும் குடை பிடித்திருந்தார். வழிகாட்டி ஃபஹீமா, உக்கடத்தைச் சேர்ந்த இளம்பெண், விலங்கியல் படித்தவர். இடுப்பில் வாக்கி-டாக்கி ஒன்றைச் செருகியிருந்தார். அதை எங்களுக்குக் காட்டி, "மேல டவர்ல சாய்குமார் அண்ணா இருக்காரு. வாட்ச்சர். காட்டுல எது அசைஞ்சாலும் அவரு சொல்லிருவாரு" என்றார். பேசுவதற்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் செய்து காட்டினார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

ஏறத் தொடங்கும் முன் அந்த மலையின் கதையையும் அவர் சொன்னார். மலையை ஆளும் அம்மன் ஒரு நாள் விருந்துண்டு, வெற்றிலை மடிக்க உட்கார்ந்தாளாம். கை தவறிச் சுண்ணாம்புச் சிமிழ் கொட்டிவிட்டதாம். கொட்டியது மலையாயிற்று, சிமிழ் மட்டும் இன்றுவரை அகப்படவில்லை. மலைமேல் நின்று எவராவது அந்தப் பொருளின் பெயரைச் சொன்னால், சிமிழ் இருக்கும் இடம் இவருக்குத் தெரியும் என்று எண்ணி அம்மன் அவரை நிறுத்திவைத்துக்கொள்வாள். ஆகவே மேலே போனபின் அதை 'வெள்ளை' என்றுதான் சொல்ல வேண்டும்.

"சொன்னா என்னாகுமுங்க?" என்று மாமனார் கேட்டார்.

"என்னாச்சுன்னு சொல்றதுக்கு யாரும் திரும்பி வரலியாம் சார்" என்று ஃபஹீமா சிரித்தார்.

தேவானந்தம் சிரிக்கவில்லை. "நான் வேதக்காரனுங்க, சர்ச்சுக்குப் போறவன். இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. ஆனாலும் அவங்க எடத்துக்கு வந்திருக்கறம். மரியாதைன்னு ஒண்ணு இருக்குதல்லங்க?"

"பயம்னு சொல்லுங்க. அதென்ன மரியாதை?" என்றார் மாமனார்.

பாதை எளிதாகத்தான் இருந்தது. உசில மரங்களுக்கு நடுவே வெண்கற்கள், துவைத்து உலர்த்திய வேட்டிகளைப் போல வெளுத்துக் கிடந்தன. முள்ளம்பன்றியின் முள் ஒன்று வழியில் கிடந்தது. எடுக்கப் போன என்னை ஃபஹீமா தடுத்து, இங்கிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது என்றார். புள்ளிமான் கூட்டம் ஒன்று எங்களைப் பார்த்துத் தலையை உயர்த்தி, எங்களால் ஆபத்தில்லை என்று முடிவு செய்து மீண்டும் மேய்ந்தது. மாமனார் ஒவ்வொரு கல்லையும் கைத்தடியால் தட்டி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

குகை வாயிலில்தான் சங்கடம் நேர்ந்தது. கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்க, உள்ளே வௌவால்கள் உறங்கிக்கொண்டிருந்தன. மெதுவாகப் பேசும்படி ஃபஹீமா கேட்டுக்கொண்டார். மாமனார் தேவானந்தத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு குகைக்குள் தலையை நீட்டி, "சுண்ணாம்பு!" என்று உரக்கக் கூவினார். குகை அதைப் பலமுறை திருப்பிச் சொன்னது. வௌவால்கள் கலைந்து எங்கள் தலைக்கு மேல் பறந்தன. தேவானந்தம் குடையை விரித்துக்கொண்டார்.

"மாமா, சின்னப் பையனாட்டப் பண்ணாதீங்க. பாவம், அதுக தூங்குதுக. நம்மளால அந்தப் பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு" என்று நான் சொல்லிவிட்டேன். பிறர் முன்னிலையில் சொல்லியிருக்கக் கூடாது.

என்மேல் கோபம் வந்தால் மாமனார் உரத்துப் பேசுவதில்லை, மரியாதையைக் கூட்டிவிடுவார். சற்று நேரத்தில் தேவானந்தத்திடம், "ஏனுங்க, அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்றார். நான் 'அவங்க' ஆகிவிட்டேன் என்று புரிந்தது. தலையைக் குனிந்து முன்னால் நடந்தேன். அவர் கடைசியாகப் பின்தங்கி வந்தார்.

மேட்டில் தகரக் கூரை போட்ட ஓய்வுக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தோம், மாமனார் வரவில்லை. காத்திருந்தோம். அழைத்தோம். கைபேசியில் சமிக்ஞை இல்லை. ஃபஹீமாவின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது.

அவர் வாக்கி-டாக்கியில், "சாய்குமார் அண்ணா, எங்க குரூப்புல ஒரு ஆளக் காணோம். கண்ணுல பட்டா உடனே சொல்லுங்க" என்றார். "சரிங்கம்மணி, பாக்கறேன்" என்று கரகரப்பான குரல் பதில் தந்தது. ஃபஹீமா அந்தக் கருவியை என் கையில் கொடுத்தார். "மேடம், நான் குகை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். ரெண்டு பேரும் ஷெட்ட விட்டு நகராதீங்க. அண்ணா ஏதாவது சொன்னா கேட்டு வையுங்க."

அவர் இறங்கி மறைந்தார். தேவானந்தம் வானத்தைப் பார்த்து, "நான் சொன்னனல்லங்க, மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுன்னு" என்றார். நான் புனேயிலிருந்து வரப்போகும் அழைப்பை நினைத்தேன். அறுவை செய்த காலுடன் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாரோ என்று நினைத்தேன். நான் கடைசியாக அவரிடம் பேசியது ஒரு கண்டிப்புச் சொல் என்பதையும் நினைத்தேன்.

அப்போது கருவி கரகரத்தது. "அம்மணி, கேக்குதுங்களா? பெரியவரு தொட்டிகிட்ட நிக்கறாருங்க."

என் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பொத்தானை அழுத்தி, "நல்லா இருக்காருங்களா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்காருங்க. தனியாத்தான் நிக்கறாரு. தண்ணி குடிச்சுப்போட்டு நிக்கறாரு. மேலெல்லாம் மண்ணு."

"உழுந்துட்டாருங்களா?"

"உழுகலீங்க. வலது காலைத்தான் தாங்கித் தாங்கி வெக்கறாரு."

தேவானந்தம் என் பக்கம் குனிந்து, "ஆபரேசன் பண்ணுன காலுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"கொஞ்சம் கோவத்துல இருக்கறாப்பல தெரியுதுங்க. யாரும் கிட்டப் போயறாதீங்க. நானே எறங்கி வாரேன்" என்று சொல்லி அந்தக் குரல் ஓய்ந்தது.

வயது, கால், கோபம் எல்லாம் பொருந்தின. ஐயத்துக்கு இடமே இல்லை. தேவானந்தமும் கைகளைக் கூப்பி, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். கொட்டகைக்குக் கீழே ஒரு பாறையில் 'தண்ணீர்த் தொட்டி' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. கிட்டப் போகக் கூடாது என்று அந்த முன்பின் அறியாதவர் சொன்னதில் எனக்குச் சற்று வருத்தம்கூட உண்டாயிற்று. என் மாமனாரின் கோபத்துக்குக் காரணம் நான். அதைத் தணிக்க வேண்டியவளும் நானே அன்றி, ஒரு வாட்ச்சர் அல்லர்.

"நகரக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுங்களே" என்றார் தேவானந்தம்.

"சித்த நேரத்துல வந்தர்றனுங்க. நீங்க இதை வெச்சிருங்க" என்று கருவியை அவரிடம் கொடுத்துவிட்டு, தயிர்சாத டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் இருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தைத் தயாரித்தேன். மிகவும் சுருக்கமாகவும் இருக்கக் கூடாது, நீட்டவும் கூடாது. உன்னிச்செடிப் புதருக்கு அப்பால் நீர் சளசளக்கும் ஓசை கேட்டது. முகம் கழுவுகிறார் போலும் என்று எண்ணிப் புதருக்கு இந்தப் பக்கமே நின்று, "மாமா, நான்தானுங்க. நான் பேசுனது தப்புங்க. நாலு பேரு முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கோவிச்சுக்காதீங்க. தண்ணி குடிச்சது போதும், ஊட்டுக்குப் போலாம் வாங்க" என்றேன்.

ஓசை நின்றது. பதில் இல்லை. மன்னித்துவிட்டார் என்று கருதி, புதரைச் சுற்றி இரண்டடி முன்னே வைத்தேன்.

அங்கே மாமனார் இல்லை. தொட்டியருகே செம்மண் படிந்த ஒரு பாறை இருந்தது. பாறை காதை அசைத்தது.

தந்தங்களுடன் ஒற்றை யானை. துதிக்கையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் வாசகத்தை அது இறுதிவரை கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கால்கள் இருப்பதே மறந்துவிட்டது. அது தலையைச் சற்று உயர்த்தி என் பக்கமாகத் திரும்பியது.

என் முதுகில் ஏதோ ஒன்று பலமாக வந்து அடித்தது. கீழே பார்த்தேன், ஒரு காலணி. மாமனாருடைய இடது காலணி. திரும்பினேன். பின்புறம் ஆளுயரத்துக்கு மேலே வெண்பாறையில் ஒரு பொந்து. அதற்குள் தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூள் படிந்த மாமனார் குந்தியிருந்தார். கையை ஆட்டி அழைத்தார். நான் அசையவில்லை. என்னால் முடியவில்லை.

"வாடி இங்க!" என்றார், அடிக்குரலில். "ஓடாத. நட."

நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. அந்த அதிர்ச்சியில் என் கால்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. நடந்தேன். பாறையில் கை வைத்து ஏறும்போது கைப்பையின் வார் முள்ளில் சிக்கியது, விட்டுவிட்டேன். மூக்குக் கண்ணாடி நழுவியது, அதையும் விட்டுவிட்டேன். மாமனார் என் இரு மணிக்கட்டுகளையும் பற்றி, உலைக்கு முன் நின்று உரம் பெற்ற கைகளால் உள்ளே இழுத்தார்.

யானை அவசரப்படாமல் வந்தது. வலது முன்காலைத் தாங்கித்தான் வைத்தது. கைப்பையைத் துதிக்கையால் துழாவி, உதறி, விழுந்த டப்பாவின் மேல் காலை வைத்தது. எவர்சில்வர் அவ்வளவு எளிதில் தட்டையாகும் என்று நான் அறிந்திருக்கவில்லை. பிறகு பொந்துக்குக் கீழே வந்து நின்றது. அதன் மூச்சு எங்கள் முகத்தில் பட்டது. மாமனார் தம் முதுகை வெளிப்பக்கம் வைத்து என்னை உட்புறமாகத் தள்ளினார். இவரை இனி எந்த மலைக்கும் அழைத்துவர மாட்டேன், இன்று மட்டும் திருப்பிக் கொடு என்று, சிமிழைத் தொலைத்த அம்மனிடமே வேண்டிக்கொண்டேன்.

சிறிது நேரம் நின்றுவிட்டு யானை தொட்டிக்கே திரும்பியது. அதற்குப் பின்பே எங்களுக்குப் பேச்சு வந்தது. அதுவும் முணுமுணுப்பாக.

"இங்க எப்படி மாமா வந்தீங்க?"

"ஒதுங்கறதுக்கு வந்தேன்."

"அதுக்கு இவ்வளவு தூரமா வருவாங்க?"

"பொம்பளைங்க இருக்கற எடத்துல கிட்டவா ஒதுங்க முடியும்? மரியாதை வேண்டாமா? தள்ளித் தள்ளிப் போனேன். திரும்பிப் பாத்தா ஆனை. இந்தக் காலோட எப்படி மேல ஏறுனேன்னு எனக்கே தெரியாது. நீ என்னத்துக்கு அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு நிக்கறே?"

வாக்கி-டாக்கியில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று பதறிவிட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"தொட்டிகிட்ட நிக்கற பெரியவரு நானா? ஏன் அம்மணி, எனக்கு அவ்வளவு பெரிய காதா?"

'அம்மணி' என்ற சொல்லைக் கேட்டதும், அதுவரை அடக்கியிருந்த அழுகை எனக்கு வந்துவிட்டது.

மேலிருந்து இறங்கிவந்த சாய்குமார், சற்றுத் தொலைவில் நின்று, கையிலிருந்த ஒரு தகரத் துண்டை மெல்லத் தட்டினார். அடர்ந்த மீசை வைத்த இளைஞர் அவர். "போதுமுங்க பெரியவரே, ஆளுக பயந்திருக்காங்க. அக்கட்டால போயிருங்க" என்று யானையிடம் அவர் சொன்னதைக் கேட்ட பிறகே எனக்கு முழுவதும் விளங்கியது. யானை அவர் சொல்லுக்காகப் போயிற்றா, தாகம் தீர்ந்து போயிற்றா என்று நான் உறுதியாகக் கூற இயலாது. போய்விட்டது.

பொந்திலிருந்து எங்களை இறக்கிவிட்ட சாய்குமார், கீழே சிதறியவற்றைப் பொறுக்கக்கூட விடாமல் எங்களைத் திட்டினார். கிட்டப் போகாதீங்கன்னு தமிழ்லதானே சொன்னேன் என்றார். கருவி ஃபஹீமாவிடம் இருப்பதாகவே அவர் கடைசிவரை எண்ணியிருக்கிறார். மூச்சிரைக்க ஓடிவந்த ஃபஹீமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், காட்டுக்குள்ள இவங்க யானைன்னு பேரு சொல்ல மாட்டாங்க, பெரியவருன்னுதான் சொல்லுவாங்க. அதை உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன்" என்று விம்மினார். இரு தரப்பிலும் மன்னிப்புகள் பரிமாறப்பட்டன.

"அப்ப எங்கள மாதிரி வயசானவங்கள என்னன்னு சொல்லுவீங்க?" என்று மாமனார் கேட்டார்.

"ஆளுன்னு சொல்லுவமுங்க" என்றார் சாய்குமார், சிறிது வெட்கத்துடன்.

கொட்டகையில் தேவானந்தம் கண்களை மூடி மண்டியிட்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்துவந்து மாமனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தேவானந்தத்தின் சட்டையெல்லாம் வெள்ளையாயிற்று. "இனி அந்த வார்த்தையைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். "சிமிழ் அந்தப் பொந்துக்குள்ள இல்லைங்க. நல்லாத் தேடிப் பாத்துட்டேன்" என்றார் மாமனார். ஒரு காலில் காலணியும் மறு காலில் தேவானந்தத்தின் கழுத்துத் துண்டுமாக அவர் மலை இறங்கினார். நான் அவருடைய முழங்கையை விடவே இல்லை. அவரும் விடச் சொல்லவில்லை.

சமிக்ஞை கிடைத்ததும் கணவர் அழைத்தார். மாமனார் கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "டேய் சசி, போன மாதிரியே வந்துட்டேன். உன் பொண்டாட்டிதான் என்னைய விட்டுப்போட்டு ஆனையக் கூட்டிட்டு வாரேன்னு நின்னா. அது வரமாட்டேன்னு சொல்லிப்போடுச்சு" என்றார். மறுமுனையில் எழுந்த வினாக்களுக்கு அன்று இரவுவரை நான் விடையளித்துக்கொண்டிருந்தேன்.

கதையில் புலி இல்லை என்பதை இத்துடன் தெளிவுபடுத்திவிட்டேன். அன்று நாங்கள் இழந்தவை வருமாறு: மாமனாரின் இடது காலணி, மூடியுடன் கூடிய எவர்சில்வர் டப்பா, அதிலிருந்த தயிர்சாதம், தண்ணீர் பாட்டில், வார் அறுந்த கைப்பை, என் மூக்குக் கண்ணாடி, பதற்றத்தில் கொட்டகையிலேயே விடப்பட்ட தேவானந்தம் அவர்களின் குடை. வேறொன்றும் இல்லை.